எக்கார்ட் பிடித்த மீன்

டிக்கெட் பச்சையாக வந்துவிட்டது. நீலமாக வந்திருக்க வேண்டும். நடந்த கேடு அவ்வளவுதான்.

எக்கார்ட் ப்ரூனிங் நீலத்தைத்தான் கேட்டிருந்தார். கப்பலின் நாலாவது தளத்தில், உலா டிக்கெட் கொடுக்கிற மேசையில், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கட்டத்துக்குள் அடக்கமாகக் குறி போட்டுக் கையெழுத்தும் வைத்தார். படிவத்தில் தப்பு விடுகிற ஆள் இல்லை அவர். ஜெர்மனியில், ஓல்டன்பர்க் ஊரில் முப்பத்தாறு வருஷம் கார் ஓட்டுகிறவர்களுக்குத் தேர்வு வைத்து லைசென்ஸ் கொடுத்தவர். கொடுத்தவர் என்பதைவிடக் கொடுக்காதவர் என்பதே பொருத்தம். நிறுத்தக் கோட்டை ஒரு சாண் தாண்டியதற்காக ஒரு பாதிரியாரை ஃபெயிலாக்கினார். சொந்த மச்சினனை மூன்று தடவை. ஊரில் பாதிப் பேர் சைக்கிளில் போவதற்கு அவர்தான் காரணம் என்று ஒரு பேச்சு உண்டு.

கப்பல் கீல் துறைமுகத்தை விட்டு நார்வேப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. எக்கார்ட், மனைவி கெர்லிண்டே, கோடை விடுமுறைக்கு வந்திருந்த மகன் வயிற்றுப் பேத்தி ஃபென்யா. மூன்றாம் நாள் கப்பல் ஹெல்லேவிக் என்ற சின்ன ஊரில் நிற்கும். காலை எட்டிலிருந்து மாலை நாலு வரை. அதற்குள் ஏதாவது ஓர் உலா போய்வரலாம். நீல டிக்கெட் என்றால் பெரிய படகில் ஆழ்கடலுக்குப் போய் மீன் பிடிப்பது, பதினாறு வயதுக்கு மேல் மட்டும். பச்சை என்றால் குடும்பத்தோடு சின்னப் படகில், மலைகளுக்கு நடுவே உள்ளே வந்திருக்கிற அமைதியான கடலில் மீன் பிடிப்பது. மீன் வேண்டாம் என்பவர்களுக்கு மஞ்சள். ஆட்டுப் பண்ணையும் பழுப்புச் சீஸும்.

பச்சை டிக்கெட்டுக்கான தாளில் ஒரு படம் போட்டிருந்தார்கள். சிவப்புச் சாயம் அடித்த படகுக்கொட்டகை. அதன் பெரிய மரக்கதவு. பார்த்தவுடனே எக்கார்ட் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். கப்பல் அப்போது ஆடக்கூட இல்லை.

அந்தக் கதவை அவருக்குத் தெரியும். நாற்பத்திரண்டு வருஷமாகத் தெரியும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தொன்று. கல்யாணமாகி ஆறாம் நாள். மஞ்சள் கார், ஒழுகுகிற கூடாரம், விடாத மழை. ஹெல்லேவிக்கில் டூர்ஸ்டைன் என்ற படகுக்காரர் இரண்டு பேரையும் மீன் பிடிக்கக் கூட்டிப்போனார். கெர்லிண்டே கைத்தூண்டிலைப் போட்டாள். எக்கார்ட் வாந்தி எடுத்தார். பிறகு படகின் அடியில் படுத்தார். கெர்லிண்டேவின் தூண்டிலில் ஒரு காட் மீன் ஏறியது. கரைக்கு வந்ததும், "இந்தா, நீ தூக்கிக்கோ. கேமரா எனக்குத்தான் சரியா வரும்" என்று மீனை அவர் கையில் கொடுத்துப் படம் எடுத்தாள்.

ஊருக்கு வந்து படத்தைக் கழுவினார்கள். "நீயாடா பிடிச்ச?" என்று எக்கார்டின் அம்மா கேட்டாள். எக்கார்ட் "ம்" என்றார்.

அந்த ஒரு "ம்" பிறகு வளர்ந்தது. மீனும் வளர்ந்தது. அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்கு ஆறு கிலோ. மகன் பிறந்தபோது ஒன்பது. எக்கார்ட் ஓய்வு பெற்ற அன்று பதினாலு கிலோவில் வந்து நின்றது. படத்துக்குக் கீழே பித்தளைத் தகடு அடித்து மாட்டினார்: எக்கார்ட் ப்ரூனிங், ஹெல்லேவிக், 14 கிலோ. கெர்லிண்டே ஒரு வார்த்தை பேசவில்லை. சனிக்கிழமை தோறும் அந்தத் தகட்டை எலுமிச்சை போட்டுத் துடைத்தாள்.

சிக்கல் என்னவென்றால், டூர்ஸ்டைனுக்கு ஒரு வழக்கம் இருந்தது. இரண்டு கிலோவுக்கு மேல் எந்த மீன் வந்தாலும் கொட்டகைக் கதவின் உட்புறத்தில் அதை வைத்து, தச்சுப் பென்சிலால் சுற்றி வரைவார். உள்ளே வருஷம், எடை, பிடித்தவர் பெயர். அன்றைக்கும் வரைந்தார். எக்கார்ட் பக்கத்தில் வலைக் குவியலின் மேல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். கிழவர் ஏதோ கேட்டது காதில் விழுந்தது. கெர்லிண்டே ஏதோ சொன்னது காதில் விழுந்தது. பென்சில் மரத்தில் கரகரவென்று போனதும் விழுந்தது. அவர் எழுந்து பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியம் என்ன. பிடித்தது யாரென்று அவருக்கே தெரியும்.

இப்போது ஃபென்யாவின் பையில் ஒரு தாள் இருந்தது. விடுமுறை முடிந்ததும் பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று பேச வேண்டும். தலைப்பை முதலிலேயே எழுதிவிட்டாள்: என் தாத்தாவின் பதினாலு கிலோ மீன். உலகத்தில் எக்கார்டைப் பற்றி ஒரு சந்தேகமும் இல்லாத ஜீவன் அவள் ஒருத்திதான். அவள் அந்தக் கதவைப் பார்க்கக் கூடாது.

இரவுச் சாப்பாட்டில் ஆரம்பித்தார்.

"நாளைக்கு நான் ஆழ்கடல். நீங்க ரெண்டு பேரும் ஆட்டுப் பண்ணை."

ஃபென்யா முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "நானும் மீன் பிடிக்கத்தான் வந்தேன் தாத்தா."

"பதினாறு வயசு ஆகணும்."

"பச்சை டிக்கெட்டுக்கு ஆக வேண்டாம். நான் படிச்சேன்."

"படிச்சா போதாது. லைசென்ஸ் வேணும். பரீட்சை எழுதி வாங்கணும். என்கிட்ட இருக்கு. உன் பாட்டிகிட்ட இல்ல. கூட வர்ற பெரியவங்ககிட்ட இருந்தாத்தான் படகுல ஏத்துவாங்க."

"அப்ப நீ எங்ககூட வா. உன்கிட்டதான் இருக்கே."

எக்கார்ட் உருளைக்கிழங்கை நறுக்கினார். ஏற்கெனவே நறுக்கினதுதான். "நான்தான் ஆழ்கடலாச்சே" என்றார்.

அவர் சொன்னது முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது. ஜெர்மனியில் ஒரு குட்டையில் தூண்டில் போடவும் பரீட்சை எழுத வேண்டும். அங்கேயே பிறந்து அங்கேயே பரீட்சை வைத்து வாழ்ந்த மனிதருக்கு உலகம் முழுக்க அப்படித்தான் என்று படும். பாதி நம்பித்தான் சொன்னார்.

கெர்லிண்டே சூப்பைக் குடித்து முடித்தாள். "லைசென்ஸ் வேணும்னா வேணும்தான்" என்றாள். "ஆடும் நல்ல பிராணிதான், ஃபென்யா."

இவ்வளவு சுலபமாக அவள் எதற்கும் ஒத்துக்கொண்டு அவர் பார்த்ததில்லை. அங்கேயே சுதாரித்திருக்க வேண்டும். எக்கார்ட் இன்னொரு உருளைக்கிழங்கு எடுத்துக்கொண்டார்.

காலையில் கப்பலை விட்டு இறங்குகிற இடத்தில் கெர்லிண்டே டிக்கெட்டுகளைக் கொடுத்தாள். மூன்றும் ஒரே நிறம்.

"இது பச்சை" என்றார் எக்கார்ட்.

"ஆமா."

"நான் நீலம் கேட்டேன்."

"மாத்திட்டேன். நீ குளிக்கப் போனப்ப."

"எதுக்கு?"

"உங்க வீட்டுக்காரருக்கு அலை ஒத்துக்குமான்னு அந்த மேசையில இருக்கற பொண்ணு கேட்டா. என்னப் போய் பொய் சொல்லச் சொல்றியா?"

"சரி. லைசென்ஸுக்கு என்ன பண்ணுவ?"

கெர்லிண்டே கைப்பையைத் திறந்தாள். காலைச் சாப்பாட்டு மேசையிலிருந்து துணியில் சுற்றிக் கிளப்பிக்கொண்டு வந்த நாலு ரொட்டியை ஒதுக்கினாள். அடியிலிருந்து ஓர் அட்டையை எடுத்தாள். போட்டோ, முத்திரை, கையெழுத்து. மீன்பிடி லைசென்ஸ்.

எக்கார்ட் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அசல்தான். முத்திரையில் அவருக்குப் பழக்கம் உண்டு.

"எப்ப எழுதின?"

"போன குளிர்காலம். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வகுப்பு."

"செவ்வாய்க்கிழமை நீ உடற்பயிற்சிக்கில்ல போன?"

"அப்படின்னு நீ நினைச்சுக்கிட்ட. இடுப்பு இளைச்சிருக்குன்னு வேற சொன்ன. கேக்க நல்லாத்தான் இருந்துச்சு."

"எத்தனை மார்க்?"

"அறுபதுக்கு அம்பத்தெட்டு."

"எந்த ரெண்டு தப்பு?" அந்த நிலைமையிலும் கேட்காமல் இருக்க அவரால் முடியவில்லை.

படகுக்காரி வந்தாள். ரக்ன்ஹில்ட் என்று பேர், டூர்ஸ்டைனின் மகள், அப்பாவின் அதே மூக்கு. ஜெர்மன் நன்றாகப் பேசினாள். எக்கார்ட் கடைசி முயற்சியாக அட்டையை அவளிடம் நீட்டினார். "ஜெர்மன் லைசென்ஸ். இங்க செல்லாதுன்னு நினைக்கிறேன்."

ரக்ன்ஹில்ட் அட்டையைப் பார்த்தாள். "லைசென்ஸா? எதுக்கு?"

"மீன் பிடிக்க."

"இது கடல்தானே. கடல்ல யார் வேணா தூண்டில் போடலாமே. பரீட்சை வச்சா எங்க ஊர்ல பாதிப் பேர் பட்டினிதான்."

ஃபென்யா நிமிர்ந்து தாத்தாவைப் பார்த்தாள். நிறுத்தக் கோட்டைத் தாண்டினவனை ஒரு தேர்வாளர் பார்க்கிற பார்வை. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ரத்தத்தில் வந்தது.

கொட்டகை அப்படியே இருந்தது. கதவு உள்பக்கமாக முழுக்கத் திறந்து, உட்புறம் சுவரைப் பார்த்துக் கிடந்தது. படம் வரைந்த பக்கம் கண்ணில் படவில்லை. எக்கார்டுக்கு உயிர் வந்தது. அவர் கால்சட்டைப் பையில் ஒரு ரப்பர் இருந்தது. முந்தின நாளே ஃபென்யாவின் பென்சில் டப்பாவிலிருந்து எடுத்து வைத்தது. எதற்கும் இருக்கட்டும் என்று. உப்புத்தாள் இருந்தால் இன்னும் நல்லது. கப்பலில் கேட்டுப் பார்த்தார். எதற்கு என்று திருப்பிக் கேட்டார்கள். விட்டுவிட்டார்.

எல்லாருக்கும் ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட் மாட்டினார்கள். ரக்ன்ஹில்டும் கெர்லிண்டேவும் படகில் சாமான்களை வைக்கிற நேரம் பார்த்து எக்கார்ட் கதவுக்கும் சுவருக்கும் நடுவே நுழைந்தார். ஆள் போனார். ஜாக்கெட் போகவில்லை. முன்னாலும் நகர முடியாது, பின்னாலும் நகர முடியாது. கையை மடக்கிப் பையிலிருந்து ரப்பரை எடுக்கவும் முடியாது. மூக்குக்கு எதிரே எழுபத்தெட்டாம் வருஷத்து மீன் ஒன்றின் வால் மட்டும் தெரிந்தது.

"தாத்தா, அங்க என்ன பண்ற?"

"கதவோட கீலு சரியா இருக்கான்னு பாக்கறேன்."

"சரியா இருக்கா?"

"இருக்கு. கையப் பிடிச்சு இழு."

ஃபென்யா இழுத்தாள். ஜாக்கெட்டின் ஒரு கொக்கி அங்கேயே நின்றுவிட்டது.

படகு கிளம்பியது. தண்ணீர் தட்டில் ஊற்றின பால் மாதிரி அசையாமல் கிடந்தது. எக்கார்டுக்குத் தலை சுற்ற அதுவே போதுமானதாக இருந்தது. இரண்டு மாத்திரை போட்டிருந்தார். விளிம்பைப் பிடித்துக்கொண்டு தூரத்து மலையையே பார்த்தார். ரக்ன்ஹில்ட் ஆளுக்கு ஒரு கைத்தூண்டில் கொடுத்தாள். ஈயக்குண்டு அடியைத் தொட்டதும் இரண்டு முழம் மேலே இழுத்துக்கொண்டு ஆட்ட வேண்டும். எக்கார்ட் ஆட்டினார். தூண்டில் இறுகியது.

"மாட்டிடுச்சு" என்றார். "பெரிசு."

ரக்ன்ஹில்ட் வந்து கயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். "பெரிசுதான். நார்வே மாட்டியிருக்கு" என்று, அடிப் பாறையில் சிக்கின கயிற்றைக் கத்தியால் அறுத்துவிட்டாள்.

கெர்லிண்டே ஃபென்யாவைக் காலுக்கு நடுவே நிற்க வைத்துக்கொண்டு, அவள் கைமேல் தன் கையை வைத்துக் கயிற்றை ஆட்டினாள். குனிந்தபோது நெற்றியில் முடி விழுந்தது. ஊதித் தள்ளினாள். எண்பத்தொன்றிலும் இப்படித்தான் ஊதினாள். அப்போது முடி கறுப்பு, மழையில் நனைந்திருந்தது.

எக்கார்டுக்கு மீன் ஞாபகம் வரவில்லை. வெண்ணெய் ஞாபகம் வந்தது. அன்று சாயங்காலம் கூடாரத்துக்குள் சின்ன ஸ்டவ்வில், நசுங்கின அலுமினியச் சட்டியில், வெண்ணெயும் உப்பும் மட்டும் போட்டு அவள் அந்த மீனைச் சமைத்தாள். கூடாரம் ஒழுகியது. ஒழுகின இடத்தில் அவர் தொப்பியை வைத்தார்கள். அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு, வயிறு காலியாக இருக்கிறதென்று, மீனின் கன்னத்துச் சதையை எடுத்து ஊதி ஊதி ஊட்டினாள். "ஒரு வாத்தியார கட்டிக்கச் சொன்னாங்க எங்க வீட்ல" என்று சொல்லிச் சிரித்தாள். அவ்வளவு ருசியாக அவர் அதற்கு முன்னும் தின்றதில்லை, பின்னும் தின்றதில்லை. அதை இதுவரை ஒருத்தரிடமும் சொன்னதில்லை. சொன்னால் தலை ஏன் மடிக்குப் போனது என்று கேட்பார்கள். பதினாலு கிலோ மீனைப் பிடித்தவன் எதற்குப் படுத்திருந்தான்.

மீனை வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் தொலைத்திருந்தார். இப்போதுதான் உறைத்தது.

"பாட்டி, இழுக்குது" என்றாள் ஃபென்யா.

"விடாத. மெதுவா. கயிற கையில சுத்திக்காத."

காட் மீன்தான். இரண்டு கிலோ அறுநூறு. ஃபென்யா அதன் முதுகை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு ரொட்டியைத் தின்றுகொண்டு, தாளை எடுத்து வைத்துக்கொண்டு, திரும்புகிற வழியெல்லாம் உரக்கப் படித்தாள். "என் தாத்தா பயப்படவே மாட்டார். அலை மலை மாதிரி வந்தது. ஆனால் என் தாத்தா நேராக நின்றார்." ரக்ன்ஹில்ட் எக்கார்டைப் பார்த்தாள். எக்கார்ட் மலையைப் பார்த்தார்.

"நல்லா எழுதியிருக்க. யார் சொன்னாங்க இதெல்லாம்?" என்றாள் கெர்லிண்டே.

"தாத்தாதான்."

"ம்" என்றாள் கெர்லிண்டே. நாற்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் சொன்ன அதே "ம்".

கரைக்கு வந்ததும் ரக்ன்ஹில்ட் எல்லாரையும் கொட்டகைக்குள் கூட்டிப்போய், மீனை எடைபோட்டு, காதில் தச்சுப் பென்சிலைச் செருகிக்கொண்டாள். "ரெண்டு கிலோவுக்கு மேலன்னா கதவுல வரையணும். எங்கப்பா வச்ச வழக்கம். உன் தாத்தாவோடதும் இங்கதான் எங்கேயாவது இருக்கும். எப்ப பிடிச்சார்?"

"எண்பத்தொண்ணு" என்றாள் ஃபென்யா.

"வா, தேடலாம்." ரக்ன்ஹில்ட் கதவின் விளிம்பைப் பிடித்தாள்.

"நில்லுங்க" என்றார் எக்கார்ட்.

நின்றார்கள்.

"ஃபென்யா. அந்த மீன நான் பிடிக்கல. உன் பாட்டி பிடிச்சா. நான் படகுல படுத்துக் கிடந்தேன். வாந்தி. படம் எடுக்கறதுக்காக என் கையில குடுத்தா. எங்கம்மா கேட்டாங்க, ஆமான்னேன். அப்பறம் நிறுத்த முடியல. அலையும் இல்ல, மலையும் இல்ல. பதினாலு கிலோவும் கிடையாது. கதவுல உன் பாட்டி பேருதான் இருக்கும். நீயே பாக்கறதுக்கு முன்னாடி நான் சொல்லிடறேன்."

ஃபென்யா கையிலிருந்த தாளைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். கெர்லிண்டே கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் தோள் லேசாகக் குலுங்குகிற மாதிரி இருந்தது. அழுகிறாள் என்று எக்கார்ட் நினைத்தார்.

ரக்ன்ஹில்ட் கதவைச் சாத்தினாள்.

கதவு முழுக்க மீன்கள். பெரிசும் சின்னதும், ஒன்றின் வால் மேல் இன்னொன்றின் தலை. கீல் பக்கத்தில், இடுப்பு உயரத்தில் ஒன்று. உள்ளே டூர்ஸ்டைனின் கட்டை எழுத்து: 1981. நாலு கிலோ நூறு. எக்கார்ட் ப்ரூனிங், ஓல்டன்பர்க்.

எக்கார்ட் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். மறுபடியும் படித்தார்.

"என் பேரு இருக்கு."

"இருக்கு" என்றாள் கெர்லிண்டே. அழவில்லை அவள்.

"யார் சொல்லிப் போட்டாரு?"

"நான்தான். யார் பிடிச்சதுன்னு கேட்டார். நீ அந்த வலை மேல படுத்திருந்த. மூஞ்சி இந்த டிக்கெட் மாதிரி பச்சையா இருந்துச்சு. பாவமா இருந்துச்சு, உன் பேரச் சொன்னேன்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"நீ எழுந்து பாத்திருக்கலாமே."

"நாப்பத்திரண்டு வருஷம், கெர்லிண்டே."

"எனக்கும் எண்ணத் தெரியும். அன்னிக்கு ஒரு நாளைக்குத்தான் குடுத்தேன். நீ அப்படியே வச்சுக்கிட்ட. தகடு வேற அடிச்ச. நீயா எப்ப சொல்றன்னு பாத்துக்கிட்டே துடைச்சேன். அலைன்னாலே ஆகாத மனுஷன் ஆழ்கடலுக்குப் போறேன்னதுமே விஷயம் இந்தக் கதவுன்னு தெரிஞ்சு போச்சு."

ஃபென்யா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்ப தாத்தா வாயத் திறக்காம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது."

"தெரிஞ்சிருக்காது" என்றாள் கெர்லிண்டே.

"நான் பள்ளிக்கூடத்துல தப்பா பேசியிருப்பேன்."

"பேசியிருப்ப."

ஃபென்யா தன் பையைத் திறந்து பென்சில் டப்பாவை எடுத்தாள். துழாவினாள். "என் ரப்பரக் காணோம்."

எக்கார்ட் பைக்குள் கையை விட்டார். எடுத்து நீட்டினார். ஃபென்யா வாங்கிக்கொண்டாள். எதற்கு எடுத்தாய் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை.

அவள் எக்கார்டின் பெயர் மேல் ரப்பரை வைத்து அழுத்தித் தேய்த்தாள். ஒன்றும் ஆகவில்லை. மரத்துக்குள் இறங்கின எழுத்து. ரப்பர்தான் கறுத்தது.

"அழிக்கக் கூடாது" என்றாள் ரக்ன்ஹில்ட். "எங்கப்பா சட்டம். தப்புன்னா ஒரு கோடு போட்டு, மேல சரியானத எழுதணும். கீழ திருத்தினவங்க பேரப் போடணும்."

நல்ல சட்டம். எக்கார்டுக்கு டூர்ஸ்டைனை முதல் முறையாகப் பிடித்தது. பென்சிலுக்குக் கை நீட்டினார். "குடுங்க, நானே எழுதறேன்."

"நீ வேண்டாம் தாத்தா" என்றாள் ஃபென்யா. "நீ ஃபெயில்."

பென்சிலை அவளே வாங்கிக்கொண்டாள். முதலில் தன் தாளில் தலைப்பைத் திருத்தினாள். தாத்தாவை அடித்துவிட்டுப் பாட்டியைப் போட்டாள். பதினாலை அடித்துவிட்டு நாலேகால் என்று எழுதினாள். எக்கார்ட் எட்டிப் பார்த்து, நாலேகால் இல்லை, நாலு கிலோ நூறு என்று சொல்ல வாயெடுத்தார். கெர்லிண்டே அவர் கையைப் பிடித்தாள். வாயை மூடிக்கொண்டார். பிடித்த கையை அவள் விடவில்லை.

"இன்னிக்கு மீனு சமைக்க வழியில்ல, கப்பல்ல" என்றாள்.

"ரக்ன்ஹில்ட்கிட்ட அடுப்பு இருக்கும்" என்றார் எக்கார்ட். "வெண்ணெய் இருக்கான்னு கேளு."

ஃபென்யா கதவின் முன்னால் குந்தி உட்கார்ந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினாள். எக்கார்ட் ப்ரூனிங் மேல் நேராக ஒரு கோடு. அதற்கு மேலே, கெர்லிண்டே. எல்லாவற்றுக்கும் கீழே, டூர்ஸ்டைனின் சட்டப்படி, கொட்டை எழுத்தில்:

திருத்தியது, ஃபென்யா ப்ரூனிங், வயது ஒன்பது.